சென்னையும் மதுரையும் ஒரே ஊரான கதை

“தம்பி, மதுரையில அச்சான புத்தகத்தை மட்டும் தனியா ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க” என்று எங்கள் ஊர்ப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சார் கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மதுரையின் பழைய அச்சகங்களைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, படிப்பகத்தின் கணினிப் பட்டியலில் வினவலை, அதாவது தேடும் கேள்வியை, ஓட்டினேன். 852 தலைப்புகள் வந்தன. படிப்பகத்தில் இருப்பதே மொத்தம் 871 தலைப்புதான்.

‘மதுரை’ இருந்த இடத்தில் ‘சென்னை’ போட்டு ஓட்டினேன். 852. கோயம்புத்தூர்? 852. திருச்சி? அதே 852. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் 6 வந்தது. அது சரியான எண். அந்த ஆறும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

மூல எக்ஸெல் கோப்பைத் திறந்து பார்த்தால் ஊர்ப் பெயர்கள் ஒழுங்காகவே இருந்தன. வினவல் மொத்தமே மூன்று வரி, அதில் தப்புப் பண்ண இடமே இல்லை. குற்றவாளி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான்: தரவிலுள்ள வகைகளுக்கும் பண்புகளுக்கும் என்ன பொருள் என்று கணினிக்குச் சொல்ல மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதி வைத்த ஆன்டாலஜியில், இரண்டே இரண்டு வரையறைகள். அதைப் பிடித்த கதையையும், அதற்கு முன்னும் பின்னும் வாங்கிய அடிகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த எக்ஸெலில் 1,204 வரிசைகள். புதினம் 412, சிறுகதைத் தொகுப்பு 187, கவிதை 143, கட்டுரை 236, வகை குறிக்காமல் வெறுமனே ‘நூல்’ என்று போட்டது 68, பழைய இதழ்களைக் கட்டுப் போட்ட தொகுதிகள் 158. எக்ஸெல் பில்டரே போதுமே என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் எழுத்தாளர்களின் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டையெல்லாம் நாங்களே தட்டாமல், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து இழுக்கலாமே என்று ஓர் ஆசை. அதோடு லிங்க்டு டேட்டாவை (ஒன்றோடொன்று இணையும்படி எழுதிய தரவை) கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் கடன். எனவே பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி, எக்ஸெல் வரிசைகளை ஆர்டிஎஃப் என்ற தரவு வடிவின் ட்ரிப்பிள்களாக மாற்றினேன். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மாதிரி மூன்று துண்டு:

நூல்:312 பண்பு:பதிப்பகம் பதிப்பகம்:17
பதிப்பகம்:17 பண்பு:ஊர் ஊர்:மதுரை

படித்துவைக்க ஆர்டிஎஃப்லிப் என்ற பைத்தான் லைப்ரரி, வினவ ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி. வகைகளுக்கும் பண்புகளுக்கும் என்ன பொருள் என்று சொல்லும் வரையறைகளைத் தனிக் கோப்பில் எழுதினேன். அதுதான் ஆன்டாலஜி. இப்படி வரையறுக்கவென்றே இருக்கும் ஆர்டிஎஃப்எஸ் சொற்கள் கொஞ்சம், ஓடபிள்யூஎல் சொற்கள் கொஞ்சம்.

68, 1,177, 981

முதல் நாள் கேட்ட முதல் கேள்வி: நூல்கள் மொத்தம் எத்தனை? பதில் 68.

புதினமும் சிறுகதைத் தொகுப்பும் கவிதையும் கட்டுரையும் ‘நூல்’ என்பதன் துணைவகைகள் என்று ஆன்டாலஜியில் அழகாக எழுதியிருந்தேன். ஆனால் ஸ்பார்க்கிள் அதைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வதில்லை. அது கோலத்தைப் பொருத்திப் பார்க்கும் ஆள். ‘இது நூல்’ என்று நேரடியாக எழுதியிருக்கும் ட்ரிப்பிளை மட்டும் எண்ணும். துணைவகை என்று எழுதிய வரியும் அதற்கு இன்னொரு ட்ரிப்பிள், அவ்வளவே.

இதற்கு இரண்டு வழி உண்டு. வினவலிலேயே ‘வகை, அதன் மேல்வகை, அதற்கும் மேல்வகை’ என்று ஏறிப்போகச் சொல்லலாம். 2013இல் வந்த ஸ்பார்க்கிள் 1.1 அதற்கென்றே பாதை எழுத ஒரு குறியீடு தருகிறது, துணைவகைப் பண்புக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டால் முடிந்தது. இல்லையென்றால் ஒரு ரீசனரை (அனுமானம் செய்யும் நிரலை) முன்கூட்டியே ஓட்டி, வரையறைகளிலிருந்து பிறக்கும் ட்ரிப்பிள்களையெல்லாம் தரவில் சேர்த்துவிட்டு, அதன் மேல் எளிய வினவலை ஓட்டலாம். நான் இரண்டாவதைப் பிடித்தேன். வினவல்கள் சின்னதாக இருக்குமே என்ற சோம்பேறித்தனம். பைத்தானில் இதற்கு ஓடபிள்யூஎல்-ஆர்எல் என்ற நிரல் நூலகம் (லைப்ரரி) இருக்கிறது. ஓடபிள்யூஎல் 2-இன் ‘ஆர்எல்’ விதிகளை ஒன்றுவிடாமல் தரவின் மேல் ஓட்டி, இனி புதிதாக எதுவும் பிறக்காது என்ற நிலை வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் வழியையே பிடித்திருந்தால் இந்தப் பதிவில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

ரீசனரை ஓட்டிவிட்டு மறுபடி கேட்டேன். 1,204-இல் இதழ்த்தொகுதி 158 போக 1,046 வர வேண்டும். வந்தது 1,177. அதிகம் 131. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று எக்ஸெலில் தேடினேன். இதழ்த்தொகுதிகளில் ‘ஆசிரியர்’ பத்தி நிரப்பப்பட்டிருந்த வரிசைகள் சரியாக 131.

‘ஆசிரியர்’ என்ற பண்புக்கு டொமைன் ‘நூல்’ என்று எழுதியிருந்தேன். என் மனதில் அது ஒரு வேலி: நூலுக்கு மட்டுமே ஆசிரியர் போடு, வேறெதற்காவது போட்டால் பிழை காட்டு. ஆர்டிஎஃப்எஸ் அதை அப்படிப் படிப்பதில்லை. ‘எதற்காவது ஆசிரியர் இருந்தால் அது நூல்’ என்று படிக்கிறது. வேலி போட்டதாக நினைத்து வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன். தன்னார்வலர்கள் இதழ்த்தொகுதிகளுக்கு இதழாசிரியர் பெயரை அதே பத்தியில் போட்டிருந்தார்கள். போடத்தானே செய்வார்கள், தமிழில் எழுதியவரும் ஆசிரியர், இதழ் நடத்துபவரும் ஆசிரியர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நம் சாரும் ஆசிரியர்.

அவசரத்தில் ஒரு திருத்தம் செய்தேன். டொமைன் ‘இதழ்த்தொகுதி’ என்று இன்னொரு வரி சேர்த்தேன். நூலோ இதழோ எதுவாகவும் இருக்கட்டும் என்ற நினைப்பு. ஓட்டிப் பார்த்தால் ஆசிரியர் உள்ள நூலெல்லாம் இதழ்த்தொகுதியும் ஆகிவிட்டது. இரண்டு டொமைன் எழுதினால் ‘அல்லது’ கிடையாது, ‘மற்றும்’தான். ஆசிரியர் இருந்தால் அது இரண்டுமே. இணையப் பக்கங்களுக்கான பொதுச் சொற்களை வகுக்கும் ஸ்கீமா டாட் ஆர்க் காரர்கள் டொமைன் என்ற சொல்லையே தவிர்த்து ‘டொமைன்இன்க்ளூட்ஸ்’ என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து எந்த அனுமானமும் பிறக்காது.

கடைசியில் நூலாசிரியர், இதழாசிரியர் என்று இரண்டு பண்பாகப் பிரித்து, இரண்டையும் பொதுவான ‘ஆசிரியர்’ பண்பின் துணைப்பண்புகளாக்கி, பொதுப் பண்பின் டொமைனை எடுத்தேன். நூலாசிரியருக்கும் டொமைன் வைக்கவில்லை. சூடு கண்ட பூனை.

இப்போது 1,046 வந்தாக வேண்டும். வந்தது 981.

இது எனக்குப் பிடித்த பிழை. 65 குறைகிறது, எல்லாம் சிறுகதைத் தொகுப்பு. கோப்பைத் திறந்து பார்த்தால் வகை ‘சிறுகதைத்தொகுப்பு’ என்று சரியாகவே இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றுதான். விஷயம் ‘தொ’வில் இருந்தது. யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஒரு கோப்பில் அது இரண்டு துண்டாக இருந்தது. ட்ரிப்பிள்களை எழுதிவைக்கும் டர்ட்டில் கோப்பில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்ற மகிழ்ச்சியில் வகைப் பெயர்களையே முகவரியாக (ஆர்டிஎஃபில் ஒரு பொருளை அடையாளம் காட்டும் பெயராக) ஆக்கியிருந்தேன். ஆர்டிஎஃப் முகவரிகளைக் குறியெண் குறியெண்ணாகத்தான் ஒப்பிடும். ஆக, ஆன்டாலஜியில் இருக்கும் ‘சிறுகதைத்தொகுப்பு’ வேறு, அந்த 65 நூல்களின் ‘சிறுகதைத்தொகுப்பு’ வேறு. பின்னதற்கு மேல்வகை என்று யாரும் எழுதவில்லை.

அப்படியானால் முன்பு 1,177 வந்தபோது இந்த 65 எப்படி உள்ளே இருந்தன? அவற்றுக்கெல்லாம் ஆசிரியர் பெயர் இருந்தது. தப்பான டொமைன் அவற்றையும் பிடித்து நூலாக்கிவிட்டிருந்தது. ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழை போர்வை போர்த்தியிருக்கிறது. இரண்டு துண்டையும் ஒரே குறியெண்ணாக்கும் என்எஃப்சி ஒழுங்குபடுத்தலை நிரலின் முதல் வரியில் சேர்த்ததும் 1,046 வந்தது. அன்றைக்கு அதோடு மூடி வைத்தேன்.

ஊர்கள் ஒன்றான இடம்

அடுத்து இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் சார், “பொன்னியின் செல்வன் நம்மகிட்ட எத்தனை இருக்கு?” என்று கேட்டார். ஒவ்வொரு வரிசையும் தனி நூலாக இருந்ததால் பதில் சொல்ல வினவலில் கொஞ்சம் தகிடுதத்தம் தேவைப்பட்டது. எனவே தலைப்பும் எழுத்தாளரும் ஒன்றாக இருக்கும் வரிசைகளை ஒரே நூலாக இணைத்தேன். 1,046 வரிசைகள் 871 தலைப்புகளாயின. ஆன்டாலஜியைத் தொடவே இல்லை.

அடுத்த முறை ரீசனரை ஓட்டியபோது லேப்டாப்பின் மின்விசிறி இரையத் தொடங்கியது. வழக்கமாக ஒரு நிமிஷத்துக்குள் முடிவது, நான் சாப்பிட்டுவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். பழைய மெஷின், புழுக்கமான நாள் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம்தான் மதுரைப் பட்டியல்.

தேட ஆரம்பித்தது ஊரிலிருந்து. ‘ஊர்:மதுரை’ பற்றி என்னென்ன தெரியும் என்று கேட்டால், ஊர்:சென்னைக்கு ‘சேம்ஆஸ்’ என்று ஒரு ட்ரிப்பிள் இருந்தது. ஓடபிள்யூஎல்லில் அதற்கு ஒரே பொருள்தான்: இரண்டு முகவரியும் ஒரே பொருளைக் குறிக்கின்றன, ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும். நான் எழுதாத வரி. ரீசனர் எழுதியது.

சேம்ஆஸ் எல்லாவற்றையும் பட்டியலிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு பொருளும் தனக்குத்தானே சமம் என்பதும் ஆர்எல் விதிகளில் ஒன்று, ரீசனர் அதையும் விடாமல் எழுதியிருக்கும். என் முகவரிகளுக்குள் மட்டும், இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் ஜோடிகளை மட்டும் கேட்டேன். 3,732 வந்தன. அதில் 72 ஊர்கள்: ஒன்பது ஊர்கள் ஒன்றோடொன்று சமம். மீதி 3,660 பதிப்பகங்கள். 61 பெருக்கல் 60. எங்களிடம் உள்ள 94 பதிப்பகங்களில் 61 ஒரே பதிப்பகமாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் 61 பெயர். ஒவ்வொன்றும் பதிப்பித்த தலைப்புகள் 803. அந்த 61-ஐயும் நூல்களோடு இணைக்கும் ட்ரிப்பிள்கள் மட்டுமே 48,983. மின்விசிறி பாவம்.

இந்த நிரல் நூலகம் ஒரு முடிவுக்கு எப்படி வந்தேன் என்று விளக்கம் சொல்லாது. எனவே ஆன்டாலஜியிலிருந்து வரையறைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றை நீக்கியதும் எல்லாம் அடங்கியது:

பண்பு:பதிப்பகம் ஒரு ‘ஃபங்ஷனல் ப்ராப்பர்ட்டி’.

ஒரு நூலுக்கு ஒரு பதிப்பகம்தான் இருக்க முடியும் என்று நான் எழுதிய வரி அது. டேட்டாபேஸ் பழக்கம். அங்கே இப்படி ஒரு கட்டுப்பாடு போட்டால், இரண்டாவது மதிப்பை உள்ளே விடாது, கத்தும். ஓடபிள்யூஎல் கத்தாது. பெயர் வேறானால் பொருளும் வேறு என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்று இருக்கும் உலகத்தில் அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அதே தர்க்கம் என் தரவில் இப்படி ஓடியது: இந்த நூலுக்குப் பதிப்பகம் ஒன்றுதான் என்கிறாய். ஆனால் இரண்டு பெயர் கொடுத்திருக்கிறாய். சரி, அந்த இரண்டும் ஒரே பதிப்பகமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரிசையும் தனி நூலாக இருந்தவரை ஒரு நூலுக்கு ஒரு பதிப்பகம்தான் இருந்தது. வரையறை தூங்கிக்கொண்டிருந்தது. தலைப்புகளை இணைத்த அன்றைக்கு அது விழித்துக்கொண்டது. தமிழில் இதற்கு வசதியான சூழலும் உண்டு. தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். கல்கியின் எழுத்துகளும் அப்படித்தான். பொன்னியின் செல்வன் எங்கள் படிப்பகத்தில் நாலு பதிப்பகங்களின் பெயரில் இருக்கிறது. அந்த நாலும் ஒன்றாயின. அந்த நாலில் ஒன்று பாரதியார் கவிதைகளையும் போட்டிருக்கிறது, அதை இன்னும் ஐந்து பேர் போட்டிருக்கிறார்கள், அவர்களும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நாட்டுடைமை நூல் எதையுமே தொடாத 33 பதிப்பகங்கள் மட்டும் தப்பின. எங்களிடமுள்ள யாழ்ப்பாணப் பதிப்பகங்கள் அந்தப் பட்டியலில் இருந்ததால்தான் அந்த 6 சரியாக வந்தது.

ஊர்கள்? பதிப்பகத்துக்கு ஊர் ஒன்றுதான் என்று இன்னொரு ஃபங்ஷனல் வரி. பதிப்பகங்கள் ஒன்றானால் அந்த ஒற்றைப் பதிப்பகத்துக்கு ஒன்பது ஊர். ஊர் ஒன்றுதான் என்கிறாய், ஆகவே ஒன்பதும் ஒரே ஊர். ஊர்கள் ஒன்றானதால், ஒட்டாத பதிப்பகங்களில் சென்னையில் இருப்பவை எல்லாம் மதுரையிலும் இருப்பதாகி, 803-க்கு மேல் இன்னும் 49 தலைப்பு சேர்ந்து 852.

காகிதத்தில் வரைந்து பார்த்தபோது கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. ரீசனர் ஓர் இடத்தில்கூடத் தப்புச் செய்யவில்லை.

அந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உண்மையில் நான் ஒரு நூலைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தேன். ‘பொன்னியின் செல்வன்’ என்னும் படைப்புக்குப் பதிப்பகம் இல்லை. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் உண்டு. நூலகத் துறையில் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட எஃப்ஆர்பிஆர் மாதிரியில் படைப்பு, அதன் மொழிவடிவம், வெளியீடு, கையிலிருக்கும் பிரதி என்று நாலு படி. நான் மூன்றோடு நிறுத்தினேன்: படைப்பு 871, பதிப்பு 958, பிரதி 1,046. மொழிபெயர்ப்புகள் அதிகமுள்ள நூலகம் என்றால் நான் விட்ட மொழிவடிவத்தை விட முடியாது.

இந்தப் பிரிவினை வினவல்களை நீளமாக்கியது. முன்பு நூல், அதன் பதிப்பகம், அதன் ஊர் என்று இரண்டு தாவல். இப்போது படைப்பு, அதன் பதிப்பு, அதன் பதிப்பகம், அதன் ஊர் என்று மூன்று தாவல். பழைய வினவல்கள் பிழையும் காட்டாமல் வெறும் பூஜ்யம் காட்டின. இது இன்னொரு தொல்லை: இல்லாத பண்பைக் கேட்டாலும் ஸ்பார்க்கிள் குறை சொல்லாது, எதுவும் பொருந்தவில்லை என்று காலிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு நிற்கும். எழுதி வைத்திருந்த பதினான்கு வினவல்களையும் கையால் மாற்றினேன்.

‘ஒன்றுதான் இருக்க வேண்டும்’ என்ற ஆசை மட்டும் விடவில்லை. ஒரு பதிப்புக்கு ஒரு பதிப்பகம் என்பது எங்கள் தரவில் நியாயமான எதிர்பார்ப்பு. அதை ஆன்டாலஜியில் எழுதாமல் ஷாக்கல் கோப்பில் எழுதினேன். 2017இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த ஷாக்கல் நான் முதலிலேயே தேடிய வேலி: அதிகபட்சம் ஒன்று என்று எழுதினால், இரண்டு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும், எதையும் தானாக முடிவுகட்டாது. முதல் ஓட்டத்திலேயே ஏழு பதிப்புகளைக் காட்டியது. எல்லாம் தட்டச்சுப் பிழை. அதை ரீசனருக்கு முன்னால் ஓட்ட வேண்டும் என்பதை ஒரு தடவை மறந்து கற்றுக்கொண்டேன்.

இறந்துபோன இதழ்

இதெல்லாம் முடிந்து இதழ்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்கி இதழுக்கு ‘மறைந்த ஆண்டு 1954’ என்று இருந்தது. கீழேயே எங்களிடம் உள்ள 1962ஆம் ஆண்டுத் தொகுதி.

எழுத்தாளர்களுக்கும் இதழ்களுக்கும் பெயரை வைத்தே முகவரி கட்டியிருந்தேன். 1899இல் பிறந்து 1954இல் மறைந்த ரா. கிருஷ்ணமூர்த்தியும், 1941இல் தொடங்கிய இதழும் ‘பெயர்:கல்கி’ என்ற ஒரே முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அவரே ஆசிரியராக இருந்த காலத்துத் தொகுதி ஒன்றின் விவரம் இப்படி இருந்தது:

தொகுதி:44 பண்பு:இதழ் பெயர்:கல்கி
தொகுதி:44 பண்பு:இதழாசிரியர் பெயர்:கல்கி

மனிதன் படித்தால் இரண்டும் உண்மை. பண்பின் மதிப்பு எந்த வகை என்று சொல்லும் ரேஞ்ச் வரையறைகள் வழியாக அந்த முனை நபராகவும் ஆகிவிட்டது, இதழாகவும் ஆகிவிட்டது. ரீசனருக்கு அதில் ஆட்சேபம் இல்லை, நபரும் இதழும் வேறு வேறு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே. ‘டிஸ்ஜாயின்ட்’ என்று ஒரு வரி சேர்த்தேன்: நபராக இருப்பது இதழாக இருக்க முடியாது. ஓட்டினேன். நிரல் எப்போதும்போல அமைதியாக முடிந்தது.

அரை நாள் குழம்பினேன். பிறகுதான் தெரிந்தது, இந்த நிரல் நூலகம் முரண்பாட்டைக் கண்டால் நிற்பதில்லை. பிழைச் செய்தியையும் ட்ரிப்பிளாக்கித் தரவுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறது. வீட்டுக்குத் திருடன் வந்ததை டைரியில் குறித்துவைத்துவிட்டுத் தூங்கும் காவலாளி. தேடிப் பார்த்தால் கல்கியைப் பற்றிய குறிப்பு அங்கே இருந்தது, கூடவே இன்னும் இரண்டு பெயர்களும். இப்போது ரீசனர் முடிந்ததும் பிழைக் குறிப்புகளை எண்ணி, ஒன்றாவது இருந்தால் நிரலை நிறுத்தும்படி நாலு வரி சேர்த்திருக்கிறேன். ஒன்பது ஊர்களும் ஒன்றுக்கொன்று வேறு என்று ‘ஆல்டிஃபரன்ட்’ வரியும் சேர்த்தாயிற்று. இனி அவை ஒன்றானால் எனக்குத் தெரியும்.

முகவரிகளையும் எண்களாக்கினேன். தமிழ்ப் பெயரில் முகவரி பார்க்க அழகுதான், வலி அதிகம்.

விக்கித்தரவோடு இணைக்கும்போது இந்தப் பாடம் உதவியது. எங்கள் எழுத்தாளர்களை அங்குள்ள உருப்படிகளோடு சேம்ஆஸ் போட்டு இணைக்கவில்லை. பொருள் தலைப்புப் பட்டியல்களுக்கான சொற்தொகுதியான ஸ்காஸின் ‘எக்ஸாக்ட்மேட்ச்’ போட்டேன். பொருத்தம் என்று சொல்லும், ஆனால் ரீசனர் இரண்டையும் உருக்கி ஒன்றாக்காது. ஒருவேளை நபருக்குப் பதில் இதழின் உருப்படியை இணைத்துத் தொலைத்தாலும் சேதம் அந்த ஒரு வரியோடு நிற்கும்.

2012இல் தொடங்கிய விக்கித்தரவு இன்னொரு உலகம். என் ஆன்டாலஜியில் ‘எழுத்தாளர்’ ஒரு வகை, நபர் என்பதன் துணைவகை. அந்தப் பழக்கத்தில் அங்கே போய் ‘எழுத்தாளர் வகையைச் சேர்ந்தவர்கள்’ என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. அங்கே மனிதர்களெல்லாம் ‘மனிதர்’ என்ற ஒரே வகை, க்யூ5. எழுத்தாளர் என்பது தொழில் என்ற பண்பின் மதிப்பு, பி106. அதே மாதிரி பல புதினங்கள் அங்கே ‘இலக்கியப் படைப்பு’ வகையில் இருக்கின்றன. புதினம் என்பது ‘படைப்பின் வடிவம்’ என்ற தனிப் பண்பில். வகைதானே என்று ‘இன்ன வகை’ எனும் பண்பான பி31-ஐ மட்டும் கேட்டால் அவை கண்ணில் படாது. அவர்களுடைய வினவல் சேவை ரீசனர் எதையும் ஓட்டுவதில்லை, மேல்வகைக்கு ஏற வேண்டுமானால் துணைவகைப் பண்பான பி279-க்கு நட்சத்திரம் போட்டு நாமேதான் ஏற வேண்டும். மேலே பெரிய வகையாகப் பிடித்தால் 60 நொடிக் கெடு தாண்டி வினவல் அறுந்துவிடும். எனக்கு இரண்டு முறை அறுந்தது. அப்புறம் எழுத்தாளர்களின் க்யூ எண்களை நேரடியாகக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அங்கே எனக்குப் பிடித்தது, ‘ஒற்றை மதிப்பு’ என்ற கட்டுப்பாடு வெறும் எச்சரிக்கையாக இருப்பது. ஒருவருக்கு இரண்டு பிறந்த தேதி போட்டால் ஒரு குறி தெரியும், இரண்டு தேதியும் இருக்கும். யாரும் யாரோடும் ஒட்டமாட்டார்கள்.

பொருள் தலைப்புகளுக்கு ஸ்காஸ் பயன்படுத்தியதில் ஒரு சின்ன அடி. ‘வரலாற்றுப் புதினம்’ என்பதற்கு மேல் ‘புதினம்’, அதற்கு மேல் ‘புனைகதை’. புனைகதைக்குக் கீழுள்ளவை எல்லாம் வேண்டுமென்று ‘பிராடர்’ பண்பைக் கேட்டால் ஒரு படிதான் வந்தது. அந்தப் பண்பை வேண்டுமென்றே கடப்புப் பண்பாக (படி தாண்டியும் பொருந்தும் பண்பாக) வைக்கவில்லை, அதற்கென்று ‘பிராடர்டிரான்சிட்டிவ்’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். சரி என்று அதைக் கேட்டால் பூஜ்யம். ஸ்காஸின் முன்னொட்டை (முகவரிச் சுருக்கத்தை) கோப்பின் தலையில் எழுதியதோடு சரி, ஸ்காஸின் ஆன்டாலஜிக் கோப்பை நான் ஏற்றவே இல்லை. முன்னொட்டு எழுதினால் வரையறைகள் இணையத்திலிருந்து தானாக வந்து இறங்கும் என்று எப்படியோ நம்பியிருந்தேன். கோப்பை இறக்கி ஏற்றியதும் வந்தது.

இத்தனைக்கும் பிறகு மதுரைப் பட்டியல் 37 தலைப்புகளில் வந்து நின்றது. ஒவ்வொன்றையும் அலமாரியில் எடுத்துச் சரிபார்த்து, அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். ஒரு விரலை நடுவில் வைத்தார்.

“இது மதுரைப் பதிப்பகம்தான். ஆனா சிவகாசியில அச்சடிச்சதாச்சே?”

“பதிப்பகம் மதுரைதானே சார்?”

“நான் கேட்டது அச்சானது தம்பி. பதிப்பிச்சதில்ல.”

எங்கள் எக்ஸெலில் அச்சகத்துக்குப் பத்தியே இல்லை. ஆன்டாலஜியிலும் அந்தப் பண்பு இல்லை. பழைய புத்தகங்களில் அச்சகத்தின் பெயர் முன்பக்கத்துக்குப் பின்னாலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோ சின்ன எழுத்தில் இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். சார் முதல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வருகிறார், நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை 140 முடிந்தது. ஒன்றில் இரண்டு அச்சகங்களின் பெயர் இருந்தது, அட்டைக்கு ஒன்று, உள்பக்கங்களுக்கு ஒன்று.